மிளகுக்கு எந்தப் பக்கம் போவது? லிஸ்பன் அரசவை எடைபோட்ட ஐந்து வழிகள்

வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார் என்பது பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். அவ்வளவு பெரிய சுற்றுவழியை யார் தேர்ந்தெடுத்தது, வேறு வழி எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லையா என்ற கேள்விக்குள் பாடநூல் போவதில்லை. காமா தளபதி, போகச் சொன்ன வழியில் போனவர். வழி முடிவானது அவருக்குப் பத்தாண்டு முன்பே, 1484க்கும் 1488க்கும் இடையில், போர்த்துகல் மன்னர் இரண்டாம் ஜுவாவோவின் அரசவையில். அப்போது மன்னர் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓரளவு நியாயமும் இருந்தது.

அந்த ஐந்தையும் அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். அதற்கு இன்றைய உலக வரைபடத்தைக் கொஞ்ச நேரம் மடித்து வைத்துவிட வேண்டும். மேற்கே ஒரு பெருங்கண்டம் குறுக்கே படுத்திருப்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. ஆப்பிரிக்கா தெற்கே எங்காவது முடிகிறதா, முடியாமலே போகிறதா என்பதும் தெரியாது.

மன்னரின் கையிருப்பு

போர்த்துகலின் மக்கள்தொகை அப்போது சுமார் 10 லட்சம். வடக்கேயும் கிழக்கேயும் முழுக்க காஸ்டில் நாடு (இன்றைய ஸ்பெயினின் பெரும்பகுதி). அதோடு தீராத பகை. மீதி எல்லாம் கடல். 1415இல் மொராக்கோ கரையில் சியூட்டாவைப் பிடித்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்திருந்தார்கள். 1434இல் பொஜதோர் முனையைத் தாண்டினார்கள். அந்த முனைக்கு அப்பால் காற்று தெற்கு நோக்கியே தள்ளும், போனவன் திரும்ப மாட்டான் என்று அதுவரை மாலுமிகள் பயந்திருந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காலப்போக்கில் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள்: ஊருக்குத் திரும்பும்போது கரையை ஒட்டி வராமல், வடமேற்கே நடுக்கடலுக்குள் போய், அசோரஸ் தீவுகளுக்கு அருகே மேலைக் காற்றைப் பிடித்து வீடு வந்து சேர்வது. இந்தத் திரும்பும் வித்தைதான் போர்த்துகீசியரின் உண்மையான முதலீடு என்று நான் சொல்வேன். போகத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். வரத் தெரிந்தவர்கள் இவர்கள்.

ஜுவாவோவின் தந்தை ஐந்தாம் அஃபோன்சோ 1469இல் ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு செய்தார். கினியா கரை (மேற்கு ஆப்பிரிக்கக் கரை) வணிகத்தை ஃபெர்னாவோ கோமெஸ் என்ற லிஸ்பன் வணிகருக்கு ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். ஆண்டுக்கு 2,00,000 ரெய்ஸ் பணம் கட்ட வேண்டும். அதோடு ஆண்டுக்கு 100 லீக் (லீக் என்பது அன்றைய கடல் தூர அளவு) புதுக் கரையையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். குத்தகை முடிவதற்குள் கப்பல்கள் நிலநடுக்கோடு வரை போய்விட்டன. அரசுக்குச் செலவு இல்லை, வரவுதான். 1474இல் இந்தப் பொறுப்பு இளவரசர் ஜுவாவோவிடம் வந்தது. 1481இல் அரசரானதும் அடுத்த ஆண்டே இன்றைய கானா கரையில் எல்மினா கோட்டையைக் கட்ட ஆளனுப்பினார். செதுக்கிய கற்களையும் மரங்களையும் போர்த்துகலிலிருந்தே கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள்.

இன்னொரு சொத்து, காகிதத்தில் இருந்தது. 1479இல் காஸ்டிலோடு செய்த அல்காசோவாஸ் ஒப்பந்தப்படி கனாரித் தீவுகள் காஸ்டிலுக்கு. கினியா கரையும், அதற்குத் தெற்கே கண்டுபிடிக்கப்படுவதும் போர்த்துகலுக்கு. தெற்கு தன்னுடையது, எழுத்தில் இருக்கிறது. மேற்கைப் பற்றி அதில் தெளிவாக ஒன்றும் இல்லை.

இடையில் ஒரு பழைய பாடத்தைத் திருத்திவிட்டுப் போகலாம். 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்ததால் மிளகு வழி அடைபட்டது, அதனால் கடல்வழி தேடினார்கள் என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். மிளகின் பெரும்பகுதி வந்தது எகிப்தின் அலெக்சாந்திரியா வழியாக. எகிப்து அப்போது மம்லூக் சுல்தான்கள் கையில் இருந்தது. துருக்கியர் அதைப் பிடித்தது 1517இல்தான். வழி அடைபடவில்லை. வழியில் வேறு யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான் சிக்கல்.

முதல் வழி: போதும், இத்தோடு நிற்போம்

இதை யாரும் வழி என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அரசவையில் மிகப் பலமான வாதம் இதுவாகத்தான் இருந்திருக்கும். எல்மினாவில் தங்கம் கிடைக்கிறது. மதீராவில் கரும்பு விளைகிறது. கினியா கரையில் மலகேட்டா என்ற காரவிதை கிடைக்கிறது. ஐரோப்பியச் சமையலறைகளில் அது மிளகுக்கு மாற்றாக ஓடியது. 1486இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் அரசிலிருந்து வால்மிளகு போன்ற ஒருவகை மிளகின் மாதிரியும் வந்தது. அதை விலைபார்க்க ஃப்ளாண்டர்ஸுக்கு அனுப்பினார்கள். பிறகு மனிதர்கள். 1444இல் லாகோஸ் துறையில் 235 பேரைக் கரையிறக்கிப் பங்கு பிரித்து விற்றதிலிருந்து அடிமை வணிகம் இந்தக் கணக்கின் நிரந்தர வரவாகிவிட்டது. போர்த்துகலின் கடலோடிப் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். பின்னாளைய பயணங்களுக்கான பணத்தில் இதற்கும் பங்குண்டு.

நல்ல வருமானம், தெரிந்த கடல், எழுதி வாங்கிய உரிமை. இதற்கு மேல் எதற்கு என்று கேட்பதில் தவறில்லை. இதன் பலவீனம் ஒன்றே. மலகேட்டாவும் பெனின் மிளகும் மலபார் மிளகு ஆகாது. வாங்குகிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது: இருக்கிற வழியிலேயே நுழைவது

மிளகு மலபாரிலிருந்து ஏடன், செங்கடல், கெய்ரோ, அலெக்சாந்திரியா என்று வந்து வெனிஸ் கப்பலில் ஏறியது. தூரத்தை மட்டும் பார்த்தால் இதை அடிக்க வழியே இல்லை. லிஸ்பனிலிருந்து மத்தியதரைக் கடல் வழியே அலெக்சாந்திரியா, அங்கிருந்து கொஞ்சம் தரைவழி, பிறகு செங்கடல். காற்றும் பருவமும் நூற்றாண்டுகளாகத் தெரிந்தவை.

ஆனால் இந்த வழி முழுக்கச் சுங்கச்சாவடி. ஏடனில் ஒரு கை, ஜித்தாவில் ஒரு கை, கெய்ரோவில் சுல்தானின் கை. அலெக்சாந்திரியாவில் ஐரோப்பிய வணிகர்கள் தங்களுக்கென்று ஒதுக்கிய விடுதிகளில்தான் தங்க வேண்டும். இரவில் வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். கிறிஸ்தவ வணிகன் செங்கடல் பக்கம் போக அனுமதி இல்லை. இதற்கெல்லாம் தலையாட்டி, சுல்தானோடு பல தலைமுறையாகப் பேசிப் பழகி, நல்ல இடத்தைப் பிடித்து வைத்திருந்தது வெனிஸ். போர்த்துகல் உள்ளே நுழைந்தால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். போட்டிபோடக் கப்பல் பலமும் பண பலமும் வேண்டும். அது வெனிஸிடம் இருந்தது, லிஸ்பனிடம் இல்லை.

சரக்கு வழியாக இதை ஒதுக்கியது சரிதான். தகவல் வழியாக இதை ஜுவாவோ விடவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாவது: ஆப்பிரிக்காவை ஆற்றில் கடப்பது

இன்று சிரிப்பாக இருக்கும். அன்று இதற்கு ஆதாரம் இருப்பதாகவே நினைத்தார்கள். நைல் நதிக்கு மேற்கு நோக்கி ஒரு கிளை உண்டு, அது அட்லாண்டிக்கில் விழுகிறது என்பது பழைய நம்பிக்கை. கிழக்கே எங்கோ பிரெஸ்டர் ஜான் என்ற கிறிஸ்தவப் பேரரசர் இருக்கிறார், அவரை எட்டிவிட்டால் முஸ்லிம் அரசுகளுக்குப் பின்பக்கம் ஒரு நண்பன் கிடைப்பான் என்பது இன்னொரு நம்பிக்கை. பெனினிலிருந்து வந்தவர்கள் உள்நாட்டில் ஒகானே என்ற பெரும் தலைவர் இருப்பதாகச் சொன்னபோது, அவர்தான் இவர் என்று லிஸ்பனில் முடிச்சுப் போட்டார்கள்.

ஜுவாவோ அனுப்பிய கடலோடி டியோகோ காவோ 1482இல் புறப்பட்டுக் காங்கோ ஆற்றின் முகத்தை அடைந்தார். அடுத்த பயணத்தில் ஆற்றுக்குள்ளே சுமார் 160 கி.மீ. போனபோது யெல்லாலா அருவிகள் வழியை மறித்தன. அங்கே பாறையில் அவர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுத் திரும்பினார்கள். அந்த எழுத்து இன்றும் இருக்கிறது. ஆற்று வழியின் கதை நடைமுறையில் அந்தப் பாறையோடு முடிந்தது.

நான்காவது: மேற்கே

1474இல் ஃப்ளாரன்ஸ் நகர அறிஞர் தோஸ்கனெல்லி, ஃபெர்னாவோ மார்ட்டின்ஸ் என்ற லிஸ்பன் பாதிரியாருக்கு ஒரு கடிதமும் வரைபடமும் அனுப்பினார். நேர் மேற்கே போனால் சீனம் வரும்; தூரம் 6,500 மைல் என்பது அதன் சாரம். ஆக மேற்கு வழி லிஸ்பனுக்குப் புதுச் செய்தி இல்லை. பத்தாண்டு கழித்து, ஏறக்குறைய 1484இல், கொலம்பஸ் அதே யோசனையோடு வந்தார். ஜெனோவாக்காரர், ஆனாலும் வெளியாள் என்று சொல்லிவிட முடியாது. பல ஆண்டு போர்த்துகலில் வாழ்ந்தவர்; போர்த்தோ சாந்தோ தீவின் அதிகாரியாக இருந்தவரின் மகளை மணந்தவர்; எல்மினா வரை கப்பலில் போய்வந்தவர்.

ஜுவாவோ யோசனையை மூன்று பேரிடம் கொடுத்தார்: டியோகோ ஒர்டிஸ் என்ற சமய அறிஞர், ரொட்ரிகோ என்ற மருத்துவர், வானியலும் மருத்துவமும் தெரிந்த ஜோசே விசின்யோ. மூவரும் வேண்டாம் என்றார்கள். இவர்களை மூடர்களாகக் காட்டும் கதைகள் ஏராளம். உலகம் தட்டை என்று நம்பியதால் மறுத்தார்கள் என்று எழுதியவர்கள்கூட உண்டு. சுத்தக் கற்பனை. உலகம் உருண்டை என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. சண்டை, உருண்டை எவ்வளவு பெரியது என்பதில்.

கொலம்பஸ் இரண்டு பக்கமும் தனக்குச் சாதகமாக இழுத்தார். அரபு வானியலாளர் அல்ஃபர்கானி ஒரு பாகைக்குச் சொன்ன 56⅔ மைல் என்ற கணக்கை, அதைவிடக் குட்டையான இத்தாலிய மைலில் எடுத்துக்கொண்டார், பூமி சுருங்கியது. ஆசியாவை மார்க்கோ போலோவின் விவரிப்பை வைத்துக் கிழக்கே நீட்டினார், இடைக்கடல் சுருங்கியது. கடைசியில் கனாரித் தீவிலிருந்து ஜப்பானுக்கு சுமார் 4,400 கி.மீ. என்று வந்து நின்றது. உண்மையில் அது ஏறத்தாழ 19,600 கி.மீ. அன்றைய கப்பலில் அவ்வளவு தூரத்துக்குக் குடிதண்ணீர் ஏற்ற முடியாது. மூவர் குழு சொன்னது கணக்குப்படி சரி. 1492 செப்டம்பர் 6 அன்று கனாரியை விட்டுக் கிளம்பிய கொலம்பஸ் அக்டோபர் 12 அன்று கரை கண்டது, அவர் எதிர்பார்த்த தூரத்தில் வேறொரு நிலம் தற்செயலாக இருந்ததால். கணக்குத் தப்பானவருக்குப் பரிசு கிடைத்தது. சரியாகப் போட்டவர்களுக்கு ஐந்நூறு ஆண்டு கேலி கிடைத்தது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாகாது. ஆப்பிரிக்க வழிக்காரர்களும் தூரத்தில் கோட்டை விட்டார்கள். 1485 டிசம்பரில் போர்த்துகலின் தூதர் போப்பாண்டவர் முன்னால் ஆற்றிய உரையில், தங்கள் கப்பல்கள் அரபுக் கடலின் வாசலுக்கு வந்துவிட்டன, இன்னும் சில நாள் பயணம்தான் என்று பெருமையடித்தார். காவோ முதல் பயணத்தில் இன்றைய அங்கோலா கரையில், தெற்கு அட்சம் (அட்சரேகை) 13 பாகை அளவில் திரும்பியிருந்தார். அதற்கப்பால் கரை கிழக்கே வளைகிறது என்று லிஸ்பனில் நம்பிவிட்டார்கள். அது வளையவில்லை. இரண்டாவது பயணத்தில் இன்றைய நமீபியாவின் குரூஸ் முனை வரை போயும் கரை தெற்கே நீண்டுகொண்டே இருந்தது.

ஆக, இரண்டு கட்சியுமே தூரத்தைக் குறைத்துத்தான் சொன்னது. அப்படியானால் எதை வைத்து ஒன்றை விட்டு மற்றதை எடுப்பது?

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான். தெற்கே கணக்குத் தப்பினால் கப்பல் திரும்பி வரும். பக்கத்தில் கரை; தண்ணீர் எடுக்க ஆறு; எல்மினாவில் சொந்தக் கோட்டை; அசோரஸ் பக்கம் சுற்றித் திரும்பும் வழி. ஒவ்வொரு தப்பும் வரைபடத்தில் ஒரு புதுக் கோடாக மாறும், அடுத்த கப்பல் அந்தக் கோட்டின் நுனியிலிருந்து தொடங்கும். மேற்கே கணக்குத் தப்பினால் தப்பியது யாருக்கும் தெரியாது. சொல்ல ஆள் இருக்க மாட்டான். காவோ பாறைத் தூண்களை நட்டுக்கொண்டே போனதும் இந்த ஒழுங்கின் ஒரு பகுதிதான்.

மேற்கை ஜுவாவோ முழுதாகவும் மூடிவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 1486இல் அசோரஸைச் சேர்ந்த ஃபெர்னாவோ துல்மோ என்பவர், கதைகளில் மட்டும் கேள்விப்பட்ட ஏழு நகரத் தீவை மேற்கே தேடிப் போகிறேன் என்றார். போ, ஆனால் உன் செலவில் போ என்று மன்னர் பட்டயம் எழுதிக் கொடுத்தார். அந்த முயற்சியால் நிலம் எதுவும் கிடைக்கவில்லை. அசோரஸ் இருக்கும் அட்சத்தில் மேலைக் காற்று முகத்தில் அறையும். அங்கிருந்து மேற்கே போவது எதிர்நீச்சல். கொலம்பஸ் தெற்கே கனாரிக்கு இறங்கி, கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றைப் பிடித்ததுதான் அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம். கனாரியோ காஸ்டிலின் கையில் இருந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே மேற்கு வழி லிஸ்பனைவிட காஸ்டிலின் செவில் துறைக்குத்தான் பொருத்தம்.

ஐந்தாவது: தெற்கே, முனை வரும் வரை

இந்த வழியின் குறைகளை முதலில் சொல்லிவிடலாம். லிஸ்பனிலிருந்து கள்ளிக்கோட்டைக்குச் சுமார் 20,000 கி.மீ. கடல். முனை இருக்கிறதா என்றே உறுதியில்லை. பண்டைய கிரேக்க அறிஞர் தாலமியின் நிலவியல் இந்தியப் பெருங்கடலை நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த ஏரியாகக் காட்டியது. எதிர்த்தரப்பில் 1459 அளவில் வெனிஸ் துறவி ஃப்ரா மௌரோ வரைந்த உலகப்படம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கடல் போவதாகக் காட்டியது. அதன் ஒரு படியைப் பணம் கொடுத்து வரையச் சொன்னதே போர்த்துகல் அரசவைதான். நம்பிக்கைக்கு ஒரு படம், மறுப்புக்கு ஒரு படம்.

நிலநடுக்கோட்டைத் தாண்டினால் துருவ நட்சத்திரம் மறைந்துவிடும். அதுவரை அட்சத்தை அளக்க அதைத்தான் நம்பியிருந்தார்கள். 1485இல் ஜோசே விசின்யோவைக் கினியாவுக்கு அனுப்பி, நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து அட்சம் காணும் முறையை அங்கேயே சோதிக்கச் செய்தார் ஜுவாவோ. கொலம்பஸின் கணக்கை மறுத்த அதே விசின்யோதான். வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்த வழிக்கு வேண்டிய கருவியைத் தயார் செய்வது என்பது அக்காலத்து மன்னர்களிடம் அரிதான பழக்கம்.

நிறை என்ன? யாரையும் கேட்க வேண்டாம். சுல்தான் இல்லை, வெனிஸ் இல்லை, காஸ்டிலோடு எழுதிய ஒப்பந்தம் உண்டு. லிஸ்பனில் சரக்கை இறக்கும் வரை நடுவில் கை நீட்ட ஆள் கிடையாது. அவ்வளவு நீண்ட வழியின் செலவை இந்த ஒன்று ஈடுகட்டும் என்று ஜுவாவோ நம்பினார்.

ஒரே ஆண்டில் இரண்டு பந்தயம்

1487 மே 7 அன்று சாந்தாரெம் நகரில் பெரோ ட கொவில்யா, அஃபோன்சோ ட பைவா என்ற இருவரை மன்னர் வழியனுப்பினார். இருவருக்கும் அரபு மொழி நன்றாகத் தெரியும். முன்பு அனுப்பிய இருவர் அரபு தெரியாமல் எருசலேமோடு திரும்பியிருந்தார்கள். அந்தப் பாடம் வீணாகவில்லை. செலவுக்கு 400 குருசாதோ என்ற தங்க நாணயம், அல்மெய்ரிம் அரண்மனைத் தோட்டத்துச் செலவுப் பெட்டியிலிருந்து. அவர்களுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுத்தவர்களில் ஒர்டிஸும் ரொட்ரிகோவும் உண்டு. ஆகஸ்டில் பார்த்தலோமியோ டயஸ் காரவெல் என்ற இரண்டு சிறு பாய்க்கப்பல், ஒரு சரக்குக் கப்பலோடு தெற்கே கிளம்பினார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் கடலில் முனையைத் தேடுகிறார். மற்றவர் எதிரியின் வழியிலேயே வணிகர் வேஷத்தில் நுழைந்து, முனைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். ஒருவர் தோற்றாலும் மற்றவரின் தகவல் பயன்படும். இருவரும் வென்றால் இடையில் விடுபட்ட கடல் மட்டும் பாக்கி.

டயஸ் புயலில் கரையை இழந்து பல நாள் தெற்கே அடித்துச் செல்லப்பட்டார். கிழக்கே திரும்பினால் நிலம் இல்லை. வடக்கே திரும்பினார், 1488 பிப்ரவரி 3 அன்று இன்றைய மொசல் பே பக்கம் கரை தெரிந்தது. முனையைப் பார்க்காமலே தாண்டிவிட்டிருந்தார். இன்னும் கொஞ்சம் கிழக்கே போனதும் ஆட்கள் போதும் என்று அடம்பிடிக்க, திரும்பும் வழியில்தான் நன்னம்பிக்கை முனை கண்ணில் பட்டது. பின்னால் விட்டுவந்த சரக்குக் கப்பலை மறுபடி அடைந்தபோது அதில் இருந்த ஒன்பது பேரில் மூவரே உயிரோடு இருந்தார்கள். அதிலும் ஒருவர், தோழர்களைக் கண்ட மகிழ்ச்சியிலேயே இறந்துபோனார் என்று பழைய வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதுகிறார். டிசம்பரில் லிஸ்பன் வந்தபோது பதினாறு மாதம் கடந்திருந்தது. டயஸ் கொண்டுபோனவர்களில் ஆறு ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். நல்ல துணி உடுத்தி, தங்கம், வெள்ளி, மசாலாப் பொருள்களின் மாதிரிகளைக் கையில் கொடுத்து, பிரெஸ்டர் ஜானுக்குச் செய்தி போகட்டும் என்று ஆங்காங்கே கரையில் இறக்கிவிட்டார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

கொவில்யா அலெக்சாந்திரியாவில் காய்ச்சலில் படுத்து எழுந்து, கெய்ரோ, ஏடன் வழியாக அரபுக் கப்பலில் கண்ணூர் வந்து இறங்கினார். கள்ளிக்கோட்டை, கோவா, ஹோர்முஸ் பார்த்தார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் சோஃபாலா வரை போனார். காமாவுக்குப் பத்தாண்டு முன்பே மலபார் மண்ணில் நின்ற போர்த்துகீசியர் இவர். கெய்ரோவுக்குத் திரும்பியபோது பைவா இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. மன்னர் அனுப்பிய இரண்டு யூதர்களும் காத்திருந்தார்கள்: பெஜா ஊர் ரபி ஆபிரகாம், லாமெகோ ஊர்ச் செருப்புத் தொழிலாளி ஜோசே. ஜோசேயிடம் மன்னருக்குக் கடிதம் கொடுத்தனுப்பிவிட்டு, கொவில்யா கடைசியில் எத்தியோப்பியா போய்ச் சேர்ந்தார். அங்கே நிலமும் மனைவியும் கொடுத்தார்கள். வெளியேற மட்டும் விடவில்லை. 1520இல் போர்த்துகல் தூதுக்குழு போனபோது அவரை அங்கேதான் கண்டார்கள். அந்தக் கடிதம் லிஸ்பன் வந்து சேர்ந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

டயஸ் திரும்புவதற்குச் சில மாதம் முன்பு, 1488 மார்ச் 20 அன்று, செவில்லில் இருந்த கொலம்பஸை மறுபடி வரச் சொல்லி ஜுவாவோ எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தெற்கிலிருந்து சேதி வராத நேரத்தில் மேற்குக் கதவை மறுபடி கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறார். முனை கிடைத்த சேதி வந்ததும் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

விலை

அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு எந்தக் கப்பலும் இந்தியாவுக்குக் கிளம்பவில்லை. 1491இல் மன்னரின் ஒரே வாரிசு குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். மன்னரும் நோயில் விழுந்தார். 1493 மார்ச்சில் கொலம்பஸ் மேற்கிலிருந்து திரும்பி ஐரோப்பியக் கரையில் முதலில் நங்கூரம் போட்டது லிஸ்பன் துறையிலேயே. அடுத்த ஆண்டு, கடலுக்கப்பால் கிடைக்கும் நிலங்களைக் காஸ்டிலோடு பங்குபோட்ட தோர்தேசில்லாஸ் ஒப்பந்தத்தில், பிரிவுக்கோட்டை வெர்டே முனைத் தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தள்ளி வைக்க வைத்தார் ஜுவாவோ. தெற்கு அட்லாண்டிக்கில் தாராளமாகச் சுற்றிப் போக இடம் வேண்டும் என்று பார்த்தால் அந்தப் பேரம் புரியும். 1495 அக்டோபரில் இறந்தார்.

அடுத்து வந்த மனுவேல், அதே ஆண்டு டிசம்பரில் மொந்தெமோர் ஓ நோவோவில் ஆலோசனை கூட்டினார். கூடியவர்களில் பெரும்பாலோர் இந்தியப் பயணம் வேண்டாம் என்றார்கள். ஆளில்லாத சின்ன நாடு அவ்வளவு தூரத்தில் பிடித்ததைக் காக்க முடியாது, பெரிய அரசுகளின் பகை வரும் என்பது அவர்கள் வாதம். முதல் வழிக்காரர்கள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மனுவேல் கேட்கவில்லை.

காமாவின் கப்பல்கள் 1497 ஜூலை 8 அன்று கிளம்பின. கரையை ஒட்டிப் போனால் தென்கிழக்குக் காற்று எதிரே அடிக்கும் என்பதால், வெர்டே முனைத் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கில் பெரிய வளைவு போட்டு, மூன்று மாதம் கரையே காணாமல் போனார்கள். கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மலிந்தியில் கிடைத்த வழிகாட்டியின் உதவியோடு அரபிக் கடலை நான்கு வாரத்துக்குள் தாண்டி 1498 மே 20 அன்று கள்ளிக்கோட்டை. சாமுத்திரி மன்னருக்கு எடுத்துவைத்த பரிசு: கோடு போட்ட துணி பன்னிரண்டு, சிவப்புக் குல்லாய் நான்கு, தொப்பி ஆறு, பவளச் சரம் நான்கு, கைகழுவும் பாத்திரம் ஆறு, ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு பீப்பாய். அரசு அதிகாரிகள் பார்த்துச் சிரித்தார்கள். பத்தாண்டு முன்பே ஒரு போர்த்துகீசியர் அந்த ஊரைச் சுற்றிப் பார்த்திருந்தும், அங்கே என்ன மதிப்பு பெறும் என்பது கப்பலில் ஏறவில்லை. திரும்பும்போது பருவக்காற்றை மதிக்காமல் தப்பான மாதத்தில் கிளம்பினார்கள். வரும்போது நான்கு வாரம் எடுத்த கடல் இப்போது மூன்று மாதம் எடுத்தது. ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி ஆட்கள் வரிசையாக இறந்தார்கள். ஓட்ட ஆளில்லாமல் ஒரு கப்பலை எரித்தார்கள். போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை.

யாரையும் கேட்க வேண்டாம் என்று தேர்ந்தெடுத்த வழியின் விலை இது. சுல்தானுக்குக் கட்ட வேண்டிய சுங்கத்தைக் கடலுக்கு உயிராகக் கட்டினார்கள். 1500இல் அடுத்த தளபதி கப்ரால் 13 கப்பலோடு போனபோது முனைக்கு அருகே நான்கு கப்பல் புயலில் மூழ்கின. ஒன்றில் டயஸ் இருந்தார். பணக்கணக்கில் மட்டும் வழி வென்றது. லிஸ்பனில் மிளகு வந்து குவிந்தது.

என்னைக் கேட்டால், 1485இன் தகவலை வைத்து ஜுவாவோ எடுத்ததைவிட நல்ல முடிவு இல்லை. மேற்கை மறுத்ததும் சரி, தன் செலவில் போகிறவனுக்கு அதைத் திறந்து வைத்ததும் சரி. 1495இல் எதிர்த்தவர்கள் சொன்னதும் பொய்யாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியப் பெருங்கடலில் போர்த்துகீசியர் தாங்களே சுங்கச்சாவடி போட்டு, அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பல்களைப் பிடித்தார்கள். அதைக் கட்டிக் காக்க ஆள் போதவில்லை. செங்கடலின் வாயை அடைக்க 1513இல் போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க்கே ஏடன் மீது தொடுத்த தாக்குதல் தோற்றது. அந்த வாய் திறந்தே கிடந்ததால், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலெக்சாந்திரியா வழியாக வெனிஸுக்கு மிளகு மறுபடி பெருமளவில் போய்க்கொண்டிருந்தது.